'அயர்ன் ஃபிளேம்' படிக்கும் முன்: நேராக இறங்குவதா, முதல் நூலுக்குத் திரும்புவதா, காத்திருப்பதா?

முதலில் ஒரு வேண்டுகோள். 'ஃபோர்த் விங்' நாவலை இன்னும் முடிக்காதவர்கள் தயவுசெய்து இதைப் படிக்க வேண்டாம். அதன் முடிவை நான் மறைக்கப் போவதில்லை. அதன் தொடர்ச்சியான 'அயர்ன் ஃபிளேம்' எப்படி முடிகிறது என்பதை மட்டும் எங்கும் சொல்லமாட்டேன்.

ரெபெக்கா யாரோஸின் இந்த டிராகன் வீரர்கள் கதையில் முதல் நூலை முடித்தவரிடம் அடுத்ததைப் படிக்கப் போகிறீர்களா என்று கேட்கவே தேவையில்லை. இறந்துவிட்டான் என்று குடும்பமே துக்கம் காத்த, நாயகி வயலெட்டின் அண்ணன் பிரெனன் உயிரோடு எதிரே வந்து நிற்கிறான். அந்த இடத்தில் புத்தகத்தை முடித்துவைத்தால் யாரால்தான் சும்மா இருக்க முடியும்? குழப்பமெல்லாம் எப்படிப் படிப்பது என்பதில்தான். கையோடு கையாக அடுத்ததைத் திறப்பதா? முதல் நூலை மறுபடி ஒரு முறை முழுக்கப் படிப்பதா? காகிதமா, கிண்டிலா, ஆடியோபுக்கா? ஐந்து நூல்களாகத் திட்டமிட்ட வரிசை இது, எல்லாம் வந்த பிறகு சேர்த்துப் படித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவதா?

என் தேர்வை இப்போதே சொல்லிவிடுகிறேன். முதல் நூலின் சில பகுதிகளை மட்டும் நிதானமாகத் திரும்பப் படியுங்கள். பிறகு 'அயர்ன் ஃபிளேமை'க் கண்ணால் படியுங்கள், காதால் வேண்டாம். காரணம் ஒன்றுதான். இந்த இரண்டாம் நாவல் நினைவைப் பற்றியது. நவார் என்ற நாடு தன் வரலாற்றிலிருந்து எதையெல்லாம் அழித்தது, யார் எதை மறைத்தார்கள், யாருடைய நினைவுக்குள் யார் புகுந்து பார்த்தார்கள் என்பதைச் சுற்றியே அதன் பதற்றம் முழுக்கப் பின்னப்பட்டிருக்கிறது. படிப்பவரின் நினைவே மங்கலாக இருந்தால் நாவலின் பாதி வேலை நடக்காது.

நேராக இறங்குவது

இதற்கு ஒரு வலுவான நியாயம் உண்டு. 'அயர்ன் ஃபிளேம்' முன்கதைச் சுருக்கம் எதுவும் தருவதில்லை. அரீஷியாவில், ரியார்சன் வீட்டில், முதல் நூல் விட்ட இடத்திலேயே தொடங்குகிறது. வயலெட் விஷக்காயத்திலிருந்து இப்போதுதான் எழுந்திருக்கிறாள். காதலன் ஸேடன் தன்னிடம் இத்தனை நாள் பொய் சொன்னான் என்ற கோபம் ஆறவே இல்லை. கதை தன்மையில், நிகழ்காலத்தில் போவதால் அந்தக் கோபத்தின் சூடு குறையாமல் உங்களுக்கும் வந்து சேரும். முதல் நூலை நேற்று முடித்தவருக்கு அந்த ஆரம்பக் காட்சிகள் கொடுக்கும் வேகம், ஆறு மாதம் கழித்துத் திறப்பவருக்குக் கிடைக்காது.

ஆனால் நாம் முதல் நூலை எப்படிப் படித்தோம் என்பதையும் யோசிக்க வேண்டும். பாஸ்கையத் போர்க் கல்லூரியின் ஒடுக்கமான கல் பாலத்தைக் கடப்பது, தடைகள் நிறைந்த காண்ட்லெட், டிராகன்கள் தங்களுக்கான ஆளைத் தேர்ந்தெடுக்கும் திரெஷிங் என்று அடுத்தடுத்து உயிர் போகும் கட்டங்கள். இவள் பிழைப்பாளா, எந்த டிராகன் இவளை ஏற்கும், ஸேடன் இவளைக் கொல்வானா காதலிப்பானா என்ற மூன்று கேள்விகளை வைத்துக்கொண்டு பக்கங்களை விழுங்கினோம். அந்த வேகத்தில் யாரோஸ் நடுநடுவே வைத்துவிட்டுப் போன பல விஷயங்கள் கண்ணில் பட்டும் மனதில் நிற்கவில்லை. நேராக இறங்குபவர் அந்த ஓட்டைகளோடுதான் அடுத்த அறுநூற்றுச் சொச்சம் பக்கங்களுக்குள் போகிறார்.

முதல் நூலுக்கு முழுதாகத் திரும்புவது

மறுவாசிப்பில் முதலில் மாறுவது டேன். சிறுவயது நண்பன், விதிகளை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பவன், வயலெட் மேல் அக்கறை உள்ளவன் என்று முதல் முறை நினைத்தோம். எதிரே இருப்பவரைத் தொட்டு அவருடைய அண்மைக் கால நினைவுகளைப் பார்க்கும் சக்தி அவனுக்கு உண்டு என்பதை நாவல் மறைக்கவே இல்லை, சீக்கிரமே சொல்லிவிடுகிறது. நாம்தான் மறந்துவிடுகிறோம். மறுபடி படிக்கும்போது அவன் வயலெட்டின் முகத்தைக் கையில் ஏந்தும் ஒவ்வொரு காட்சியிலும் வயிறு கலங்குகிறது. அன்பென்று நினைத்த தொடுகைகளின் பொருள் மாறிவிடுகிறது. இரண்டாம் நூலில் வயலெட் தன் உயிர்த் தோழி ரியானனிடம்கூட உண்மையைச் சொல்ல முடியாமல் தவிப்பதற்கும், மனிதத் தொடுகை என்றாலே அவள் பயப்படுவதற்கும் வேர் இங்கேதான் இருக்கிறது. அதை நினைவில் வைத்திருப்பவருக்கு அந்தத் தவிப்பு வலிக்கும். மறந்தவருக்கு, இவள் ஏன் தோழியிடம் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லக்கூடாது என்று எரிச்சல்தான் வரும்.

அடுத்தது அப்பா. வயலெட்டின் அப்பா எழுத்தர் பிரிவைச் சேர்ந்தவர், அவளையும் எழுத்தராக்கவே வளர்த்தவர். அவர் மூலம் அவளுக்கு வந்த பழங்கதைகளில், மண்ணின் மந்திரத்தை உறிஞ்சும் வெனின்களும் அவர்கள் உருவாக்கும் டிராகன் போன்ற வைவர்ன்களும் வருகின்றன. முதல் முறை படிக்கும்போது அவை சூழலுக்கு அழகு சேர்க்கும் பாட்டிக்கதைகளாகவே தெரிகின்றன. முடிவு தெரிந்த பிறகு திரும்பினால், ஓர் அப்பா மகளிடம் நேரடியாகச் சொல்ல முடியாததைக் கதையாகச் சொல்லி வைத்துவிட்டுப் போனாரோ என்று தோன்றும். இரண்டாம் நூலில் அவள் ஆவணக்காப்பகத்தில் பழைய நூல்களைத் தேடி அலைகிறாள். எல்லையைக் காக்கும் மந்திர வேலியை முதன்முதலில் எப்படி எழுப்பினார்கள் என்ற அந்தத் தேடலுக்கு அப்பாவின் குரல்தான் வழித்துணை. சண்டைக் காட்சிகளைவிட இந்தத் தேடல்தான் எனக்கு 'அயர்ன் ஃபிளேமின்' சிறந்த பகுதி. வாள் தூக்கும் உடல் வலு இல்லாத பெண்ணுக்குப் புத்தகம்தான் ஆயுதம் என்பதை யாரோஸ் இங்கே முழு மனதோடு எழுதியிருக்கிறார்.

அந்த உடலைப் பற்றியும் சொல்ல வேண்டும். யாரோஸுக்கு எஹ்லர்ஸ்-டான்லோஸ் என்னும் இணைப்புத்திசுக் கோளாறு உண்டு. அதை அவர் வெளிப்படையாகவே பேசியிருக்கிறார். நாவலில் நோயின் பெயர் வராது. வயலெட்டின் மூட்டுகள் நழுவுவதும், அவள் விடியற்காலையில் கட்டுப்போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போவதும், தன் டிராகன் டேர்னின் முதுகில் நிலைத்து உட்காரவே அவளுக்குத் தனியாகச் சேணம் வேண்டியிருப்பதும் வரும். முதல் முறை இவற்றைத் தடைகளாக மட்டும் படித்திருப்போம். மறுவாசிப்பில், ஒவ்வொரு நாளையும் வலியைக் கணக்கில் எடுத்துத் திட்டமிடும் ஒருத்தியின் வாழ்க்கையாகத் தெரிகிறது. இரண்டாம் நூலில் அதே உடல் விசாரணைப் பயிற்சியையும் சித்திரவதையையும் தாங்க வேண்டி வரும்போது, முந்தைய நினைவு இருந்தால்தான் அதன் கனம் புரியும்.

ஸேடனின் முதுகில் இருக்கும் 107 தழும்புகளையும் மறக்கக்கூடாது. கிளர்ச்சியாளர்களின் 107 பிள்ளைகளுக்கும் தானே பொறுப்பு என்று ஒரு சிறுவன் ஏற்றுக்கொண்டதற்கான விலை அது. இரண்டாம் நூலில் அவன் ஏன் எல்லாவற்றையும் சொல்ல மறுக்கிறான் என்று வயலெட்டோடு சேர்ந்து நாமும் கோபப்படுகிறோம். அந்தத் தழும்புகள் நினைவில் இருந்தால் கோபம் போகாது, ஆனால் அவன் பக்கமும் ஒரு தட்டு கனக்கும்.

இவ்வளவு நல்லதென்றால் முழுக்கவே மறுபடி படித்துவிடலாமே? நேரம் இருப்பவர்கள் தாராளமாகச் செய்யலாம். ஆனால் ஐந்நூறு பக்கம், உடனே அறுநூற்றுக்கும் மேல் பக்கம் என்று தொடர்ந்து ஒரே குரலில், ஒரே கல்லூரியில் இருந்தால் ஒரு சலிப்பு தட்டும் என்பது என் கணிப்பு. திரெஷிங் வரையிலான பயிற்சிகளும் சக மாணவர்களோடு நடக்கும் சண்டைகளும் முடிவு தெரிந்த பிறகு அதே பதற்றத்தைத் தருவதில்லை. அதோடு, 'அயர்ன் ஃபிளேமின்' முதல் பாதி மறுபடியும் பாஸ்கையத்திலேயே நடக்கிறது. புதிய துணைத் தலைவர் வாரிஷின் கொடுமை, இரண்டாம் ஆண்டுப் பயிற்சி என்று மீண்டும் கல்லூரிக்கதைதான். அங்கே போய்ச் சேரும்போது கண்கள் களைத்திருக்கக்கூடாது.

அதனால்தான் பகுதி மறுவாசிப்பைச் சொல்கிறேன். புத்தகத்தின் முதல் பக்கத்தில் இருக்கும் அந்தச் சிறு குறிப்பில் தொடங்குங்கள். இந்த முழுக்கதையும் நவார் மொழியிலிருந்து ஜெசினியா என்ற எழுத்தர் பெயர்த்தெழுதியது என்று அது சொல்கிறது. நம்மில் பெரும்பாலானோர் தாண்டிப்போன பக்கம் இது. இதைப் பெயர்த்தெழுதியவர் கதைக்குள்ளேயே வரும் ஒரு பாத்திரம் என்பதை மனதில் வைத்துக்கொண்டு இரண்டாம் நூலைப் படித்தால், அவள் வரும் இடங்கள் வேறு மாதிரி இருக்கும். அடுத்து டேன் தன் சக்தியைப் பற்றிப் பேசும் உரையாடல், ஸேடனின் தழும்புகளுக்கான விளக்கம், அதற்குப் பின் போர் விளையாட்டுகள் தொடங்கும் இடத்திலிருந்து கடைசி வரி வரை. கடைசி அத்தியாயம் மட்டும் ஸேடனின் குரலில் இருப்பதைக் கவனியுங்கள். இது முழுவதையும் ஒரு வார இறுதியில் முடித்துவிடலாம்.

இணையத்தில் கிடைக்கும் கதைச் சுருக்கங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. யார் யாருடைய டிராகன், எந்த ஊர் எங்கே என்று பார்த்துக்கொள்ள அவை போதும். டேனின் கை வயலெட்டின் கன்னத்தில் இருந்ததை எந்தச் சுருக்கமும் சொல்லாது. பெரும்பாலான சுருக்கங்கள் அடுத்த நூல்களின் முடிச்சுகளையும் அதே பக்கத்தில் அவிழ்த்துவைத்திருக்கும் என்பது கூடுதல் ஆபத்து.

காகிதமா, கிண்டிலா, காதா

ஆடியோபுக்கை விரும்புகிறவர்கள் இந்த வரிசைக்கு நிறையவே இருக்கிறார்கள், காரணமும் இருக்கிறது. வயலெட்டுக்கு ரெபெக்கா சோலர், ஸேடன் பேசும் அத்தியாயத்துக்கு டெடி ஹாமில்டன். டேர்னின் சிடுசிடுப்பையும் வயலெட்டின் குட்டி டிராகன் ஆண்டர்னாவின் குதூகலத்தையும் சோலர் குரலாலேயே பிரித்துக் காட்டுவது ரசிக்கத்தக்கது. ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியிலிருந்து எடுத்த டிராகன் பெயர்களை எப்படி உச்சரிப்பதென்று தெரியாமல் தடுமாறும் நமக்கு அந்தத் தொல்லையும் இல்லை. பல நடிகர்கள், பின்னணி ஒலிகளோடு கிராஃபிக் ஆடியோ நிறுவனம் தயாரித்த நாடக வடிவமும் இரண்டு பகுதிகளாக இருக்கிறது.

இருந்தாலும் 'அயர்ன் ஃபிளேமின்' முதல் வாசிப்புக்கு ஒலி வடிவத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒவ்வொரு அத்தியாயத்தின் தலையிலும் ஒரு துணுக்கு இருக்கிறது. ராணுவ விதிநூலிலிருந்து ஒரு விதி, டிராகன்களைப் பற்றிய கையேட்டிலிருந்து ஒரு வரி, மீட்டெடுக்கப்பட்ட கடிதங்களிலிருந்து ஒரு பத்தி. காதில் கேட்கும்போது இவை அத்தியாய எண்ணோடு சேர்ந்து ஓடிவிடும். பக்கத்தில் இருந்தால் நின்று படிப்போம், அத்தியாயம் முடிந்ததும் திரும்பிப் போய் மறுபடி பார்ப்போம். வரலாறு எப்படி எழுதப்படுகிறது என்பதைப் பற்றிய நாவலில் இந்த ஆவணத் துணுக்குகளை ஓரத்து அலங்காரமாக ஒதுக்கிவிட முடியாது, அவையும் கதைதான். அதோடு இரண்டாம் நூலில் ஆள்கூட்டம் பெருகுகிறது. கழுகுத் தலையும் சிங்க உடலும் கொண்ட கிரிஃபன்களில் பறக்கும் பொரோமியல் நாட்டு வீரர்களின் பெயர்கள் வரிசையாக வந்து விழுகின்றன. சுமார் 28 மணி நேர ஒலிப்பதிவில், பேருந்தில் கேட்டுக்கொண்டிருக்கும்போது ஒரு பெயரைத் தவறவிட்டால் அதைத் தேடிப் பிடிப்பது கடினம். மணிக்கு நாற்பது பக்கம் படிப்பவர் அதே நாவலைப் பதினைந்து, பதினாறு மணி நேரத்தில் முடித்துவிடுவார், நடுவில் பின்னால் புரட்டிப் பார்க்கும் நேரத்தையும் சேர்த்தே.

கிண்டிலுக்கு இந்த விஷயத்தில் பெரிய அனுகூலம் உண்டு. பெயரைத் தேடினால் அது முதலில் எங்கே வந்தது என்று காட்டிவிடும். எடையும் இல்லை. படுத்துக்கொண்டு படிப்பவர்களுக்குக் கெட்டி அட்டைப் பதிப்பு மார்பில் கல்லை வைத்ததுபோல இருக்கும். ஆனால் வரைபடத்தை அடிக்கடி பார்க்க விரும்புகிறவர்களுக்குக் காகிதம்தான் வசதி. இரண்டாம் நூலில் எல்லைக் காவல் நிலைகள், மந்திர வேலி எங்கே முடிகிறது என்பதெல்லாம் கதைக்கு முக்கியம். சிறு திரையில் வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பது பொறுமையைச் சோதிக்கும்.

காகிதம் என்றால் கடையில் வாங்குங்கள். நடைபாதையில் மலிவாகக் கிடைக்கும் கள்ளப் பிரதிகளில் இந்த நூலும் தாராளமாகக் கிடைக்கிறது. எழுதியவருக்குச் சேர வேண்டியது சேராது என்பது முதல் காரணம். டிராகன்கள் மனதுக்குள் பேசுவதெல்லாம் சாய்வெழுத்தில் இருக்கும் நாவல் இது, மங்கலான அச்சில் அது வாசிப்பையே கெடுத்துவிடும். பழைய பிரதி வாங்குகிறவர்களுக்கு ஒன்று: 2023 நவம்பரில் வந்த முதல் அச்சில் சில பிரதிகளில் பக்கங்கள் விட்டுப்போயிருப்பதாக வாசகர்கள் புகார் சொன்னார்கள். பணம் கொடுக்கும் முன் பக்க எண்களை ஒரு முறை புரட்டிப் பாருங்கள்.

ஒரே மூச்சில் வேண்டாம்

'அயர்ன் ஃபிளேம்' இரண்டு பாகங்களாகப் பிரிக்கப்பட்ட நூல். பலர் அந்தப் பிரிவைக் கவனிக்காமல் ஓடிவிடுகிறார்கள். முதல் பாகம் இறுக்கமானது. ரகசியத்தைச் சுமந்துகொண்டு எதிரிகளின் நடுவே அன்றாடம் வாழ்வது, பொய் சொல்லப் பழகுவது, நட்பு விரிசல் விடுவது என்று நெருக்கிக்கொண்டே போகிறது. இரண்டாம் பாகத்தில் இடம் மாறுகிறது, சூழல் மாறுகிறது, புதிய ஆட்கள் வருகிறார்கள், கதை பரந்து விரிகிறது. இரண்டுக்கும் வேகமே வேறு. முதல் பாகத்தின் உச்சக்கட்டத்தை முடித்த அதே இரவில் இரண்டாவதைத் தொடங்கினால், அடுத்து வரும் பத்துப் பன்னிரண்டு அத்தியாயங்கள் இழுவையாகத் தோன்றும். இந்த நாவல் நடுவில் தொய்கிறது என்று சொல்பவர்களில் பலருக்கு நடந்தது அதுதான் என்று நினைக்கிறேன். சில நாள் இடைவெளி விட்டுத் தொடங்கினால் அது ஒரு புதிய நாவலின் ஆரம்பம்போலப் படிக்கக் கிடைக்கும்.

அதற்காகக் குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். வயலெட்டும் ஸேடனும் போடும் சண்டை ஒன்றே திரும்பத் திரும்ப வருகிறது. எல்லாவற்றையும் சொல் என்கிறாள் அவள். சரியான கேள்வியைக் கேட்டால் சொல்கிறேன் என்கிறான் அவன். முதல் இரண்டு முறை இதில் ஒரு நியாயமான கேள்வி இருக்கிறது: ஒருவரை நம்புவதற்கு அவருடைய எல்லா ரகசியங்களும் தெரிந்தாக வேண்டுமா? அதற்குப் பிறகு வரும் முறைகளில் புதிதாக எதுவும் இல்லை. அவனுடைய பழைய காதலியைக் கொண்டுவந்து மூட்டும் பொறாமையும் வயலெட்டின் அறிவுக்குப் பொருந்தவில்லை. முதல் நூல் 2023 மே 2 அன்று வெளிவந்தது, இது அதே ஆண்டு நவம்பர் 7 அன்று. ஆறு மாத இடைவெளியில் இப்படிப்பட்ட பெரிய நாவல் வந்தால், இன்னொரு முறை உட்கார்ந்து செதுக்கியிருக்கலாமே என்று தோன்றும் பக்கங்கள் இருக்கத்தான் செய்யும்.

பிரிவைப் பற்றிய பக்கங்களில் அந்தக் குறை சுத்தமாக இல்லை. டேர்னும் ஸேடனின் டிராகன் ஸ்கேலும் இணை டிராகன்கள், நெடுநாள் பிரிந்திருக்க முடியாது. ஸேடன் எல்லைக்குப் போய்விட்டதால், டிராகன்களின் பொருட்டு இந்த இருவரும் குறித்த நாளில் பறந்துபோய்ச் சந்தித்தே ஆக வேண்டும். மேலதிகாரி நினைத்தால் அந்தச் சந்திப்பையும் தண்டனையாக மாற்ற முடியும். யாரோஸ் ராணுவக் குடும்பத்தில் பிறந்தவர், ராணுவ வீரரை மணந்தவர். விடுப்புக்காகக் காத்திருப்பது, கிடைத்த சில மணி நேரத்தில் பேச வேண்டியதைப் பேசாமல் சண்டை போட்டுவிடுவது, போன பிறகு வருந்துவது எல்லாம் உள்ளிருந்து தெரிந்தவர் எழுதியதாக இருக்கிறது. காதல் கதைக்காக இதைப் படிப்பவர்கள் இந்தப் பகுதிகளை அவசரப்படாமல் படிக்கலாம்.

வேறு டிராகன்களிடம் போய்விடலாமா

முதல் நூலே போதும், காதல் காட்சிகள் தூக்கலாக இருந்தன, டிராகன்தான் எனக்குப் பிடித்தது என்பவர்களுக்கு இந்தத் தொடர்ச்சி கட்டாயம் இல்லை. ஆன் மெக்காஃப்ரி 1967-இல் எழுதிய 'வெயர் சர்ச்' என்ற குறுநாவலிலிருந்து இந்த மரபைத் தொடங்கலாம். 1968-இல் அதற்கு ஹியூகோ விருது கிடைத்தது, புனைவுக்காக அந்த விருதைப் பெற்ற முதல் பெண் அவர்தான். முட்டையிலிருந்து வெளிவரும் டிராகன் ஒரு மனிதரைத் தேர்ந்தெடுப்பது, மனதுக்குள் பேசுவது, டிராகன்களின் இணைசேர்க்கை வீரர்களையும் ஆட்டிவைப்பது என 'ஃபோர்த் விங்'கில் நாம் ரசித்த பலவற்றின் மூலம் அவருடைய பெர்ன் உலகில் இருக்கிறது. மொழி சற்றுப் பழையது, ஆண் பெண் உறவைக் காட்டும் விதம் சில இடங்களில் இன்றைக்கு உறுத்தும்.

நயோமி நோவிக்கின் 'டெமரேர்' வரிசை 2006-இல் தொடங்கி ஒன்பது நூல்களில் முடிந்துவிட்டது. நெப்போலியன் காலத்துப் போரில் விமானப்படை போல டிராகன் படை இருந்திருந்தால் எப்படி இருக்கும் என்ற கற்பனை. கப்பற்படைத் தலைவன் ஒருவனுக்கும் ஓர் இளம் டிராகனுக்கும் இடையே வளரும் நட்பு அவ்வளவு அழகாக இருக்கும். டேர்னும் வயலெட்டும் பேசிக்கொள்ளும் இடங்களுக்காகவே யாரோஸைப் படித்தவர்களுக்கு, காதல் இல்லாத குறையே தெரியாமல் இது பிடித்துவிடும்.

இன்னொன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். அட்டையைப் பார்த்துவிட்டுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 'அயர்ன் ஃபிளேமை'ப் பரிசாக வாங்கிக் கொடுக்காதீர்கள். இது பெரியவர்களுக்கான நாவல். படுக்கையறைக் காட்சிகள் விரிவாகவே இருக்கின்றன, சித்திரவதைக் காட்சிகளும் இருக்கின்றன. நூலின் தொடக்கத்திலேயே எச்சரிக்கைக் குறிப்பு உண்டு, வாங்கித் தரும் பெரியவர்கள் அந்தப் பக்கம் வரை போவதில்லை. டிராகன் மேல் ஆசைப்படும் பிள்ளைக்குக் கிறிஸ்டோஃபர் பாவோலினியின் 'எராகன்' பொருத்தம். அந்த உலகத்தில் நடக்கும் 'முர்டாக்', 'அயர்ன் ஃபிளேம்' வெளிவந்த அதே 2023 நவம்பர் 7 அன்றுதான் வந்தது. ஒரே வீட்டில் மூத்தவரும் இளையவரும் ஆளுக்கொரு டிராகன் நாவல் படிக்க அன்றைக்கே வழி பிறந்துவிட்டது.

காத்திருப்பதும் மூன்றாம் நூலும்

ஐந்தும் வந்த பிறகு படித்துக்கொள்கிறேன் என்பவர்களின் தயக்கம் புரிகிறது. மூன்றாவது நூலான 'ஆனிக்ஸ் ஸ்டார்ம்' 2025 ஜனவரி 21 அன்று வந்தது. முதல் இரண்டும் ஆறு மாத இடைவெளியில் வந்துவிட, மூன்றாவதுக்குப் பதினான்கு மாதங்களுக்கு மேல் ஆனது. இனி வருபவற்றுக்கு எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்டால் யாருக்கும் தயக்கம் வரத்தான் செய்யும். ஆனாலும் நான் காத்திருக்கச் சொல்லமாட்டேன். இவ்வளவு பேசப்படும் கதையின் முடிச்சுகளை அத்தனை வருடம் கண்ணில் படாமல் காப்பாற்ற முடியாது. இன்னொன்று, தொடர்கதைக்காகக் காத்திருப்பது நமக்குப் புதிதும் இல்லை. 1950 முதல் 1954 வரை வாரா வாரம் வந்த 'பொன்னியின் செல்வனை' நம் வீட்டுப் பெரியவர்கள் ஐந்து பாகமும் வரட்டும் என்று தள்ளிவைக்கவில்லை. அடுத்த இதழ் வருவதற்குள் ஆதித்த கரிகாலனைப் பற்றி வீட்டில் நடந்த வாதங்களும் அந்த வாசிப்பில் சேர்ந்தவைதான். ஸேடனைப் பற்றி இன்று நண்பர்களோடு சண்டை போடக் கிடைக்கும் வாய்ப்பையும் அப்படியே பார்க்கிறேன்.

மூன்றாம் நூல் கையில் தயாராக இருக்கும் இன்றைய வாசகருக்கு வேறொரு தேர்வு இருக்கிறது: இரண்டாவதை முடித்த கையோடு தொடருவதா, நிறுத்துவதா? இங்கே என் பதில் நிறுத்துங்கள் என்பதுதான். 'அயர்ன் ஃபிளேமின்' முடிவு, அதுவரை ஒருவரைப் பற்றி நீங்கள் நம்பியதையெல்லாம் திரும்ப யோசிக்க வைக்கும். உடனே அடுத்ததைத் திறந்தால் அந்த யோசனைக்கு இடமே இல்லாமல் நாவல் தானே பதில் சொல்லத் தொடங்கிவிடும். சில நாள் விடுங்கள். அதற்குள் முன்னால் சொன்ன ஆடியோபுக்கை எடுத்துக்கொள்ளலாம். முடிவு தெரிந்துவிட்ட பிறகு சோலரின் குரலில் ஒரு முறை கேட்பது நல்ல மறுவாசிப்பு. துணுக்குகளைத் தவறவிட்டாலும் இப்போது நஷ்டமில்லை. அதற்கும் நேரமில்லை என்றால் கடைசி அத்தியாயத்தை மட்டுமாவது கேளுங்கள். முதல் நூலைப் போலவே அதுவும் ஸேடனின் குரலில் இருக்கிறது. ஹாமில்டன் அதைப் பதறாமல், அடக்கி வாசிக்கிறார்.